மூன்று பாட்டு, அப்புறம் நாற்பது வருடம்: ராக் மேடைப் புகைப்படத் தொழில்

பெரிய ராக் கச்சேரிகளில் புகைப்படக்காரருக்கு ஒரே ஒரு விதி: முதல் மூன்று பாட்டு, ஃபிளாஷ் கூடாது. மேடைக்கும் கூட்டத்தைத் தடுக்கும் இரும்புத் தடுப்புக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான இடைவெளியைத்தான் ‘பிட்’ என்பார்கள். மூன்றாவது பாட்டு முடிந்த கையோடு பாதுகாவலர் தோளைத் தட்டி வெளியே அனுப்பிவிடுவார். பங்க் குழு என்றால் அந்த மூன்று பாட்டு ஏழெட்டு நிமிடத்தில் ஓடிவிடும். நீட்டி முழக்கும் ப்ராக்ரெஸிவ் ராக் என்றால் அரை மணிகூடக் கிடைக்கும். பன்னிரண்டு நிமிடம் என்று கணக்குப் போட்டு இறங்குவது நல்லது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வியர்வை, குதிப்பு, காகிதப் பூ மழை எல்லாம் அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குப் பிறகுதான் வரும். விளக்கு அமைப்பாளர் தன் சரக்கை முதல் பாட்டிலேயே இறக்குவதில்லை. பெரும்பாலும் முதல் பாட்டு இருட்டிலும் புகையிலும் பின்னொளியிலும் தொடங்கும். அதனால் வேலை கச்சேரிக்கு முந்தின நாளே ஆரம்பித்துவிடுகிறது. சுற்றுப்பயணத்தில் இருக்கும் குழு தினமும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் பாடும். முந்தின ஊரில் ரசிகர்கள் கைபேசியில் எடுத்த காணொளிகளைப் பார்த்துவிடுங்கள். முதல் மூன்று பாட்டு எவை, பாடகர் எந்தப் பக்கம் நடக்கிறார், எந்தப் பாட்டில் கிட்டாரிஸ்ட் முன்னால் வருகிறார், வெள்ளை விளக்கு எப்போது விழுகிறது என்ற நான்கும் தெரிந்தால் போதும்.

படம் எடுக்கும் திறமை இந்தத் தொழிலில் பாதிகூட இல்லை. யார் உங்களை உள்ளே விடுகிறார்கள், எடுத்த படம் யாருக்குச் சொந்தம் என்ற இரண்டு கேள்விகளில்தான் ஒருவருடைய வாழ்க்கை தீர்மானமாகிறது. முதலில் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைப் பார்த்துவிடுவோம்.

வெளிச்சமும் அளவுகளும்

தானியங்கி முறையை மறந்துவிடுங்கள். கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு முகத்தில் விளக்கு விழுந்தால், மொத்தக் காட்சியும் இருட்டு என்று கேமரா ஏமாந்து முகத்தைச் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். பின்னாலிருந்து விளக்கு அடித்தால் நேர்மாறாக முகம் கரியாகிவிடும். மேனுவலில் வைத்து, முதல் இருபது விநாடியில் ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை முகத்தின் மேல் பிடித்து, ஒரு அளவை நிலைநிறுத்திக்கொள்வதுதான் வழி. சிறிய கிளப்பில் ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 3200, லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் வேகம் 1/250 விநாடி என்று தொடங்கலாம். பாடகர் முகத்தைத் தொடர்ந்து வரும் ஃபாலோ ஸ்பாட் இருக்கிற பெரிய அரங்கில் ஐஎஸ்ஓ 1600 போதும். குதிக்கிற ஆள் என்றால் 1/500, உயரமாகத் தாவினால் 1/800. டிரம்மருக்கு மட்டும் 1/125 வைத்துப் பாருங்கள். முகம் தெளிவாக நிற்க, குச்சிகள் மட்டும் இழுபட்டுத் தெரியும். 1/1000-இல் எடுத்த டிரம்மர் சும்மா உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருப்பார்.

பழைய மேடைகளில் இருந்தவை டங்ஸ்டன் விளக்குகள். 3200 கெல்வின் அளவில் மஞ்சள் சாயல், அவ்வளவுதான் தொல்லை. இன்றைய எல்இடி விளக்குகள் வேறு ரகம். மேடை முழுக்கச் சிவப்பு என்றால், சென்சாரில் சிவப்புக்கு உரிய புள்ளிகள் மட்டுமே நிரம்பும். அவை மொத்தப் புள்ளிகளில் நாலில் ஒரு பங்குதான். ஆகவே விவரம் குறைந்து, ஃபோகஸ் சரியாக இருந்தும் முகம் மொழுக்கென்று தெரியும். அதைவிட மோசம், வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான பொது ஹிஸ்டோகிராம் எல்லாம் சரி என்று காட்டும்போதே சிவப்பு மட்டும் தனியாக நிரம்பி வழிந்திருக்கும். வீட்டில் வந்து திறந்தால் முகத்தில் மூக்கே இருக்காது. மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டும்படி கேமராவை வையுங்கள், சிவப்பிலும் நீலத்திலும் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், குறைத்து எடுங்கள், கேமரா கைவைக்காத ரா ஃபைலாக மட்டுமே எடுங்கள். பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்றி அந்த ஒரு நிறத்தின் விவரத்தை வைத்தே படத்தை மீட்கலாம். இணையத்தில் காணும் கறுப்பு வெள்ளைக் கச்சேரிப் படங்களில் கணிசமானவை அழகியலுக்காக அப்படி ஆனவை அல்ல, வேறு வழியில்லாமல் ஆனவை. இது தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு வழி பொறுமை. விளக்கு நிரல் சும்மா மாறுவதில்லை, பாட்டோடு கட்டியிருக்கும். பல்லவி திரும்பும் இடத்திலும் ஸ்னேர் டிரம் அடி விழும் இடத்திலும் வெள்ளையோ அம்பரோ பளிச்சிடும். இரண்டு முறை கேட்டால் மூன்றாவது முறை எப்போது என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகின்றன. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். பின்னாலிருக்கும் வீடியோ திரையிலும் இதே கதைதான். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, வேகத்தை 1/125, 1/160 என்று இறக்கிப் பாருங்கள். பெரும்பாலான கேமராக்களில் இருக்கும் ‘ஆன்ட்டி ஃபிளிக்கர்’ வசதி, மின்சார வாரியக் கரண்டில் எரியும் ட்யூப்லைட்டின் துடிப்பை மனதில் வைத்துச் செய்யப்பட்டது, எல்இடிக்கு அதை நம்பாதீர்கள். லேசர் இருக்கும் மேடையில் கூடுதல் எச்சரிக்கை தேவை. கற்றை நேராக லென்ஸுக்குள் விழுந்தால் சென்சாரில் நிரந்தரக் கோடு விழுந்துவிடும். மிரர்லெஸ் கேமராவில் சென்சார் எந்நேரமும் திறந்தே கிடப்பதால் ஆபத்து அதிகம். லேசர் கூட்டத்தின் பக்கம் திரும்பினால் கேமராவைக் கீழே இறக்குங்கள்.

எங்கே நிற்பது

இரண்டு கேமரா, ஒன்றில் 24-70 மி.மீ. லென்ஸ், இன்னொன்றில் 70-200 மி.மீ., இரண்டும் எஃப் 2.8. பிட்டுக்குப் போகும் பெரும்பாலோர் தோளில் இதுதான் தொங்கும். பிட்டுக்குள் லென்ஸ் மாற்றுவது வேண்டாம். பீர் தெறிக்கும், புகை வரும், காகிதத் துணுக்கு உள்ளே போகும். சின்ன கிளப் என்றால் ஒரே கேமரா, எஃப் 1.4 அல்லது 1.8 திறப்புள்ள 35 மி.மீ. அல்லது 50 மி.மீ. போதும். லென்ஸ் முன்னால் மாட்டும் யூவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். எதிரே நூறு விளக்கு எரியும்போது அந்தக் கண்ணாடி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆவி உருவத்தைப் படத்தில் சேர்க்கும். அடிபடாமல் காக்க ஹூட் போதும்.

மேடை ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரம் என்றால், நடுவில் நின்று அண்ணாந்து எடுத்த படத்தில் மூக்குத் துவாரமும் மானிட்டர் ஸ்பீக்கரின் முதுகும்தான் மிஞ்சும். பிட்டின் ஓரத்துக்குப் போய் 70-200 லென்ஸால் எடுங்கள். சில பெரிய நிகழ்ச்சிகளில் பிட்டே கிடையாது, ஒலிக் கட்டுப்பாட்டு மேசை அருகே முப்பது நாற்பது மீட்டர் தள்ளி நிறுத்திவிடுவார்கள். அங்கே 400 மி.மீ. லென்ஸ், ஒற்றைக்கால் தாங்கி, ஏறி நிற்க ஒரு சின்ன ஸ்டூல் மூன்றும் தேவை. படம் எடுக்கும் அனுமதியான பாஸ் உறுதியாகும்போதே எங்கிருந்து எடுக்கவேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் 24-70 மட்டும் எடுத்துக்கொண்டு போனால் எறும்பளவு பாடகரோடு திரும்ப வேண்டும்.

பாடகருக்கு நேர் எதிரே நின்றால் மைக் வாயை மறைக்கும். முப்பது நாற்பது டிகிரி விலகி நில்லுங்கள். ஆட்டோஃபோகஸ் முகத்தை விட்டுவிட்டு முன்னால் இருக்கும் மைக்கின் வலையைக் கவ்விக்கொள்வது வழக்கமான விபத்து. ஒற்றைப் புள்ளியை, மைக்குக்குத் தள்ளி இருக்கும் கண்ணின் மேல் வையுங்கள். புகையில் ஃபோகஸ் அலைபாய்ந்தால் அதே தூரத்தில் இருக்கும் கிட்டார் வாரின் ஓரத்தைப் பிடித்துப் பூட்டிவிட்டு மேலே வாருங்கள். பாடிக்கொண்டிருக்கும் வாய் பெரும்பாலும் கோணலாகத்தான் இருக்கும். ஒரு வரி முடிந்து பாடகர் மைக்கை விட்டு அரையடி பின்வாங்கி மூச்செடுக்கும் இடம் உண்டு. நல்ல முகங்கள் அங்கேதான் கிடைக்கும்.

கிட்டாரிஸ்ட் வலக்கைக்காரர் என்றால் கிட்டாரின் கழுத்து பார்வையாளருக்கு வலப்பக்கம் நீளும். விரல் பதிக்கும் இடத்தைப் பார்க்க முகமும் அந்தப் பக்கமே திரும்பும். ஆகவே வலப்பக்கம் நின்றால் முகம் கிடைக்கும், கழுத்து உங்களை நோக்கி வந்து படத்துக்கு ஆழம் தரும். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போல இடக்கைக்காரர் என்றால் இடம் மாற வேண்டும். டிரம்மரின் முகத்தை எப்போதும் ஏதாவது ஒரு சிம்பல் தட்டு மறைத்துக்கொண்டே இருக்கும். பிட்டின் கடைக்கோடிக்குப் போய், இரண்டு தட்டுக்கு நடுவே முகம் தெரியும் இடைவெளியைக் கண்டுபிடித்து, குச்சி மேலே எழும் நேரத்துக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

காது. இதைப் பற்றிப் பேசவே யாருக்கும் பிடிப்பதில்லை. அமெரிக்கத் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது வெறும் பதினைந்து நிமிடம். பிட்டில் ஸ்பீக்கர் அடுக்குக்கு அருகே 100 என்பது சாதாரணம். முன்னணியில் இருக்கும் புகைப்படக்காரர்கள் பலருக்கு ஐம்பது வயதில் காதில் ஓயாத ரீங்காரம் இருக்கிறது. பஞ்சுபோன்ற நுரை அடைப்பான் ஒரு ஜோடி பையின் ஒவ்வொரு அறையிலும் கிடக்கட்டும்.

தடுப்பை ஒரு முறை கையால் அசைத்துப் பாருங்கள். 2011 அக்டோபர் 28-ஆம் தேதி குர்கானில் நடக்க இருந்த மெட்டாலிகா கச்சேரி, முன்வரிசைத் தடுப்பு தாங்காததால் கடைசி நேரத்தில் நின்றுபோனது. இரண்டு நாள் கழித்து பெங்களூரு அரண்மனை மைதானத்தில் நடந்தது. தடுப்பு சாய்ந்தால் முதலில் நசுங்கும் இடம் பிட்தான். தலைக்கு மேல் ரசிகர்களை உருட்டிவிடும் கூட்டம் என்றால் முதுகுக்குப் பின்னாலும் ஒரு கண் வேண்டும். பாதுகாவலர் ஆளைப் பிடிக்கத் தாவும்போது வழிவிடாத புகைப்படக்காரர் அடுத்த முறை பட்டியலில் இருக்கமாட்டார். பக்கத்தில் நிற்பவருக்கு முன்னால் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பவருக்கும் அதே கதி, கொஞ்சம் தாமதமாக.

தப்பிப் பிழைத்த படங்கள்

இத்தனை வசதியும் இல்லாத காலத்தில்தான் ராக்கின் முக்கியமான படங்கள் எடுக்கப்பட்டன. ஒரு சுருளில் 36 படம். கோடக் ட்ரை-எக்ஸ் 400 ஃபிலிமை 1600 என்று பாவித்து எடுத்து, டெவலப் செய்யும் நேரத்தைக் கூட்டி ஈடுகட்டுவார்கள். படத்தில் பொடிப்புள்ளிகள் பெருத்து, நிழல் பகுதி செத்துப்போகும். வண்ணத்துக்கு டங்ஸ்டன் ஸ்லைடு 160, ஒரு ஸ்டாப் தள்ளினால் 320. எடுத்தது வந்ததா என்று மறுநாள்தான் தெரியும்.

1967 ஜூன் 18, மான்டெரி பாப் விழா. ஹென்ட்ரிக்ஸ் கிட்டாருக்குத் தீ வைத்து மண்டியிட்ட படத்தை எடுத்த எட் கராஃபுக்கு அப்போது வயது 17, பள்ளி மாணவர். மேடை ஓரத்தில் ஒரு நாற்காலியின் மேல் நின்றிருந்தார். அது சுருளின் கடைசிப் படம். இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் கச்சேரியின் கடைசிப் பாட்டில் ஒரு படமாவது மிச்சம் வைத்திருந்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. டிஜிட்டலிலும் இதே கணக்கு உண்டு. தொடர்ச்சியாகச் சுட்டுக்கொண்டே இருந்தால் கேமராவின் இடைநினைவகம் நிரம்பி, சரியாகப் பாடகர் தாவும்போது அரை விநாடி ஊமையாகிவிடும். மூன்று நான்கு படமாக விட்டு விட்டு எடுங்கள்.

1979 செப்டம்பர், நியூயார்க் பல்லேடியம். ‘தி க்ளாஷ்’ குழுவின் பால் சிமனன் தன் பேஸ் கிட்டாரை மேடையில் ஓங்கி அடிக்கிறார். புகைப்படக்காரர் பென்னி ஸ்மித் பின்வாங்கிக்கொண்டே எடுத்தார். படம் மங்கலாக வந்துவிட்டது என்று சொல்லி, ஆல்பம் அட்டைக்கு வேண்டாம் என்றே வாதாடினார். குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரும் வடிவமைப்பாளர் ரே லோரியும் விடவில்லை. ‘லண்டன் காலிங்’ அட்டை அப்படி வந்ததுதான். படத்தைக் கழிக்கும்போது ஃபோகஸ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எதையும் அன்றிரவே அழிக்காதீர்கள். தூக்கம் தெளிந்த பிறகு, முடிந்தால் இன்னொருவர் கண்ணில் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

உள்ளே போவது

ஜிம் மார்ஷல் 1936-இல் சிகாகோவில் பிறந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் வளர்ந்தவர். சத்தமில்லாத லைகா கேமராக்கள்தான் அவருடைய ஆயுதம். 1966 ஆகஸ்ட் 29-இல் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் பீட்டில்ஸின் கடைசிக் கட்டணக் கச்சேரியில் மேடைக்குப் பின்னால் அனுமதிக்கப்பட்டவர். 1969-இல் சான் குவென்டின் சிறையில் ஜானி கேஷ் நடுவிரலைக் காட்டும் படம் அவருடையது. முழு அனுமதி இருந்தால் வருவேன், இல்லாவிட்டால் வரமாட்டேன் என்பது அவர் கட்டளை. அந்தக் கட்டளையை அவர் போடமுடிந்ததற்குக் காரணம் கேமரா திறமை மட்டும் அல்ல. உடை மாற்றும் அறையில் பார்த்ததில் எதை வெளியிடக்கூடாது என்று அவருக்குத் தெரியும் என்று கலைஞர்கள் நம்பினார்கள்.

ஹென்றி டில்ட்ஸ் வேறு பாதை. அவரே நாட்டுப்புற இசைக்குழுவில் பாடியவர். 1966-இல் பயணத்தின் நடுவே ஒரு பழைய கேமரா வாங்கி நண்பர்களை எடுக்க ஆரம்பித்தார், அந்த நண்பர்கள் பிரபலமானார்கள். 1969 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் ‘தி டோர்ஸ்’ குழுவோடு மாரிசன் ஹோட்டலுக்குப் போனபோது, உரிமையாளர் இல்லாமல் உள்ளே எடுக்கக்கூடாது என்று வரவேற்பு மேசைக்காரர் மறுத்துவிட்டார். அவர் லிஃப்டில் மேலே போன நேரத்தில் குழு ஓடிப்போய் ஜன்னல் பின்னால் அமர, டில்ட்ஸ் தெருவிலிருந்து ஒரு சுருள் எடுத்து முடித்தார். ‘மாரிசன் ஹோட்டல்’ ஆல்பத்தின் அட்டை அதுதான். இன்றைக்கு இதைச் செய்யச் சொல்லவில்லை. சிசிடிவி இருக்கிறது, வக்கீல் இருக்கிறார்.

இன்றைய வழி சலிப்பூட்டுவது. குழுவின் அல்லது விழாவின் செய்தித் தொடர்பாளருக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். தேதி, அரங்கம், எந்த வெளியீட்டுக்காக எடுக்கிறீர்கள், அதன் ஆசிரியரின் தொடர்பு, உங்கள் படங்களுக்கு நான்கைந்து இணைப்பு, மொத்தம் எட்டு வரிக்குள். படத்தை இணைப்பாகச் செருகாதீர்கள், பெட்டி நிறைந்தால் எரிச்சல்தான் வரும். பதில் இல்லாவிட்டால் நான்கு நாள் முன்னால் ஒரே ஒரு நினைவூட்டல். உறுதி பெரும்பாலும் கச்சேரி நாளன்றுதான் வரும். அந்த மின்னஞ்சலின் அச்சுப் பிரதி பையில் இருக்கட்டும், வாசலில் பெயர்ப்பட்டியலில் உங்கள் பெயர் விடுபட்டிருப்பது சர்வசாதாரணம். பாஸ் என்பது துணி ஸ்டிக்கர். பேன்ட் தொடையில் ஒட்டுங்கள். தோல் ஜாக்கெட்டில் ஒட்டினால் பிய்க்கும்போது ஜாக்கெட் போய்விடும்.

வெளியீடே இல்லாதவர் எங்கே தொடங்குவது? பாஸ் கேட்காத இடத்தில். முந்நூறு பேர் கொள்ளும் பார், கல்லூரி விழாவின் போட்டி மேடை, பெரிய குழுவுக்கு முன்னால் பாடும் தொடக்கக் குழு. சென்னையில் ஐஐடியின் சாரங் மாதிரியான விழாக்கள் இதற்கு நல்ல பள்ளிக்கூடம். தொடக்கக் குழுவை எடுப்பதில் மூன்று லாபம்: மூன்று பாட்டு விதி பெரும்பாலும் இருக்காது, ஒப்பந்தம் நீட்டமாட்டார்கள், படம் கொடுத்தால் உங்களை நினைவு வைத்துக்கொள்வார்கள். அவர்களில் ஒரு குழு மேலே போனால் நீங்களும் கூடப் போவீர்கள்.

அப்படி ஒரு குழு உங்களைப் பயணத்தில் சேர்த்துக்கொண்டால் வேலை தலைகீழாகும். மதியம் சரக்கு இறக்குவதிலிருந்து ஆரம்பம், இரவு ஒன்பதுக்குக் கச்சேரி, முடிந்த ஒரு மணி நேரத்தில் சமூக ஊடகத்துக்குப் பத்துப் படம், பிறகு பேருந்தின் படுக்கை அறையில் இரவு இரண்டு மணி வரை திருத்தம், விடிந்தால் வேறு ஊர். மேடையேறுமுன் கடைசி அரை மணி நேரம் உடை அறைப் பக்கம் போகாதீர்கள். வீட்டிலிருந்து தொலைபேசி வந்து ஒருவர் அழுதால் கேமரா கீழே போகட்டும். ராக் உலகத்தின் கொண்டாட்டத்தில் புகைப்படக்காரரும் கலந்துகொள்ள வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. டேவிட் போவியையும் லூ ரீடையும் எடுத்த மிக் ராக், பல வருடக் கொகெய்ன் பழக்கத்துக்குப் பின் 1996-இல் இதய பைபாஸ் அறுவைக்குப் போக நேர்ந்தது.

கச்சேரி மட்டும் எடுத்துச் சாப்பிடுகிறவர்கள் மிகச் சிலர். பல இணைய இதழ்கள் பாஸ் வாங்கித் தருவதையே சம்பளமாக நினைக்கின்றன. குழு நேரடியாகத் தரும் நாள் கூலி, விழா நடத்துபவர்களின் சொந்தக் குழுவில் வேலை, விளம்பரதாரருக்கான படம் இவைதான் மாதச் செலவைப் பார்க்கும். கல்யாணம் எடுப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. இருட்டில் அசையும் முகங்களை எடுக்கத் தெரிந்தவருக்கு மண்டப வெளிச்சம் ஒரு பொருட்டே அல்ல.

படம் யாருக்குச் சொந்தம்

1967-இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் தொடங்கும் முன், ஜான் வென்னர் புகைப்படக்காரர் பாரன் வுல்மனிடம் பத்தாயிரம் டாலர் முதலீடு செய்ய முடியுமா என்று கேட்டார். வுல்மன் மறுத்து வேறொன்று சொன்னார்: சம்பளம் வேண்டாம், ஃபிலிம் செலவைப் பார்த்துக்கொள்ளுங்கள், படங்களின் உரிமை எனக்கே. இதழின் முதல் தலைமைப் புகைப்படக்காரரானார். அங்கே மூன்று வருடம்கூட முழுதாக இல்லை, ஆனால் 2020-இல் இறக்கும்வரை அந்தப் படங்கள் அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தன. 1978-க்கு முந்தைய அமெரிக்கச் சட்டத்தில், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை என்று வாதாட இடம் இருந்தது. அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் போயிருந்தால் எல்லாம் இதழுக்குப் போயிருக்கும்.

இந்தியாவில் வேலை செய்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17: பணம் பெற்றுக்கொண்டு ஒருவர் கேட்டதற்காக எடுத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எடுத்தவர் அல்ல. பிரிட்டனிலும் பழைய சட்டம் இப்படித்தான் இருந்தது, 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாற்றிவிட்டார்கள். இங்கே மாறவில்லை. ஆகவே குழுவிடமோ விழாக்காரரிடமோ பணம் வாங்கும் முன், மின்னஞ்சலிலாவது நான்கு வரி எழுதி ஒப்புதல் வாங்குங்கள்: பதிப்புரிமை புகைப்படக்காரருக்கே. குழு தன் இணையதளத்திலும் சமூக ஊடகத்திலும் செய்திக் குறிப்பிலும் இரண்டு ஆண்டு பயன்படுத்தலாம். ஆல்பம் அட்டை, டி-ஷர்ட், போஸ்டருக்குத் தனிக் கட்டணம். பெயர் போடவேண்டும். உரிமை உங்களிடம் இருந்தாலும் நீங்களே டி-ஷர்ட் அடித்து விற்றுவிட முடியாது. அதற்கு முகத்துக்கு உரியவரின் சம்மதமும் தேவை.

சில குழுக்கள் பிட் வாசலில் ஒரு தாளை நீட்டும். அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள் என்று தெரிந்தேதான் வாசலில் நீட்டுவது. மூன்று விஷயத்தைத் தேடிப் படியுங்கள்: படங்களின் உரிமை குழுவுக்குப் போகிறதா, ஒரே ஒரு முறைதான் வெளியிடலாமா, வெளியிடும் முன் அவர்கள் ஒப்புதல் வேண்டுமா. முதலாவது இருந்தால் திரும்பி நடப்பதே மேல். 2015-இல் ‘ஃபூ ஃபைட்டர்ஸ்’ குழுவின் ஒப்பந்தத்தைப் படித்த ‘வாஷிங்டன் சிட்டி பேப்பர்’ கையெழுத்திட மறுத்து, ரசிகர்கள் எடுத்த படங்களைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வதாக அறிவித்தது.

புகைப்படக்காரர் லின் கோல்ட்ஸ்மித்தின் வழக்கு இன்னும் நல்ல பாடம். 1981-இல் அவர் பாடகர் பிரின்ஸை எடுத்தார். 1984-இல் ‘வேனிட்டி ஃபேர்’ இதழ் அந்தப் படத்தை ஓவியருக்கு ஆதாரமாகக் கொடுக்க 400 டாலருக்கு, ஒரே முறை பயன்பாடு என்ற நிபந்தனையோடு உரிமம் பெற்றது. ஓவியர் ஆண்டி வார்ஹோல் ஒன்றோடு நிறுத்தாமல் பதினாறு வரைந்துவிட்டார். 2016-இல் பிரின்ஸ் இறந்தபோது இன்னொன்று இதழ் அட்டையில் வந்தது. அதற்கு வார்ஹோல் அறக்கட்டளைக்குப் பத்தாயிரம் டாலர் போனது, கோல்ட்ஸ்மித்துக்கு ஒன்றும் இல்லை. அறக்கட்டளை முந்திக்கொண்டு வழக்குப் போட, அது 2023 மே 18-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஏழுக்கு இரண்டு என்று கோல்ட்ஸ்மித்துக்குச் சாதகமாக முடிந்தது. 1984-இல் ‘ஒரே முறை’ என்று காகிதத்தில் இருந்ததால்தான் முப்பத்தைந்து நாற்பது வருடம் கழித்துப் பேச முடிந்தது. ரசீதுகளையும் உரிமக் கடிதங்களையும் படத்தோடு சேர்த்தே வையுங்கள்.

பெட்டிக்குள் இருப்பது

ஒரு இரவுக்கு அறுநூறிலிருந்து ஆயிரம் படம். ரா ஃபைல் ஒன்று 30 முதல் 50 எம்பி. ஆக ஒரு கச்சேரிக்கு 20 முதல் 50 ஜிபி. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் அல்லது குறைந்தது வேறு வீட்டில். கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள், குழு, அரங்கம், எண் என்ற வரிசையில் இருந்தால் எந்த மென்பொருள் செத்தாலும் தேடலாம். குறிப்பை அன்றிரவே எழுதுங்கள்: இடமிருந்து வலமாக யார், என்ன வாத்தியம், எந்த ஊர், என்ன தேதி. பத்து வருடம் கழித்து அந்த பேஸ் வாசிப்பவர் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது, பெயர் இல்லாத படத்தை எந்தப் பதிப்பாளரும் வாங்கமாட்டார்.

ஃபிலிம் வைத்திருப்பவர்களுக்கு: அசிடேட் ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் கெடும்போது புளிக்காடி வாசனை வரும். வந்துவிட்டால் அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, உடனே ஸ்கேன் செய்யுங்கள். பக்கத்துச் சுருளுக்கும் பரவும். சென்னை, கொழும்பு மாதிரிக் கடலோர ஊர்களில் லென்ஸுக்கும் நெகட்டிவுக்கும் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் 40 சதவீதம் அளவில் நிற்கும் உலர் அலமாரி செலவல்ல, காப்பீடு.

காலம் போனபின் எது விலை போகும் என்பது எடுக்கும்போது தெரியாது. பாடகர் மைக் முன்னால் நிற்கும் படம் எல்லோரிடமும் இருக்கிறது. தரையில் ஒட்டிய பாட்டுப் பட்டியல், தேய்ந்த செருப்பு, ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்த சாப்பாடு, வாசலில் காத்திருக்கும் வரிசை இவை உங்களிடம் மட்டும் இருக்கும். 1969-இல் வுட்ஸ்டாக்கில் வுல்மன் மேடையைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் எடுத்தார். இன்று அவர் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருபவற்றில் அவையும் உண்டு.

ஜிம் மார்ஷல் 2010-இல் இறந்தபோது அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நெகட்டிவ் குவியல் முழுவதையும் தன் உதவியாளர் அமீலியா டேவிஸுக்கு எழுதி வைத்திருந்தார். 2014-இல் கிராமி அமைப்பு அவருக்கு அறங்காவலர் விருது கொடுத்தது, அந்த விருதைப் பெற்ற முதல் புகைப்படக்காரர் அவர். உயில் எழுதுகிறவர்கள் ‘என் படங்கள் எல்லாம்’ என்று ஒரு வரியோடு நிறுத்தினால் போதாது. பதிப்புரிமையும் பொருளாக இருக்கும் நெகட்டிவும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு, இரண்டையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும். ஹார்ட் டிஸ்க் கடவுச்சொல், பட முகமைகளோடு உள்ள ஒப்பந்தங்கள், கேலரிகளில் கிடக்கும் பிரிண்ட்களின் பட்டியல் மூன்றையும் உயிலோடு இணைத்து வையுங்கள். எண்ணிட்டு விற்ற பிரிண்ட்களுக்கு ஒரு பதிவேடு வேண்டும். ஐம்பதில் எத்தனையாவது எண் வரை போயிற்று என்று காட்ட முடியாவிட்டால், மிச்சமிருக்கும் எண்களை எந்தக் கேலரியும் தொடாது.